இரண்டு கிளப், ஒரே உடம்பு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லான் போட்டி பற்றிய கேள்வி-பதில். உள்ளூர் கிளப்பிலும் ஆன்லைன் கிளப்பிலும் ஒரே சமயத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: உள்ளூர் கிளப்பில் செவ்வாய் டிராக் ஓட்டம், வியாழன் நீச்சல், ஞாயிறு லாங் ரைடு. ஆன்லைன் கிளப்பில் புதன் சைக்கிள் இன்டர்வல் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி மிதிப்பது), சனிக்கிழமை மெய்நிகர் ரேஸ் (வீட்டில் மிதித்துத் திரையில் ஓட்டும் போட்டி). எதையும் விட மனமில்லை. மூன்று மாதமாக ஒன்றையும் தவறவிடவில்லை. ஆனாலும் ஓட்ட வேகம் குறைந்துகொண்டே போகிறது. எங்கே தப்பு?

பதில்: இரண்டு அட்டவணையையும் தனித்தனியாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கோச் ஏற்றிய பளு இன்னொரு கோச்சுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். செவ்வாய் ஓடிய கால் புதன் காலையில் இன்னும் ஆறியிருக்காது. அந்தக் காலோடுதான் ஆன்லைன் கோச் சொல்லும் வாட்டை (மிதிக்கும் திறனின் அளவு) தொடப் பார்க்கிறீர்கள்.

முதலில் வாரத்தின் மொத்தப் பளுவைக் கணக்கிடுங்கள். கருவி எதுவும் வேண்டாம். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, மொத்தத்தில் எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே தராசில் வைக்க இதைவிட எளிய வழி கிடையாது. உங்கள் வாரம் ஏறக்குறைய இப்படி வரும்: டிராக் 60 நிமிடம் × 8 = 480. இன்டர்வல் 60 × 8 = 480. நீச்சல் 60 × 6 = 360. மெய்நிகர் ரேஸ் 75 × 9 = 675. லாங் ரைடு 210 × 5 = 1,050. மொத்தம் 3,045.

மொத்தத்தைவிட முக்கியம், அது எந்தெந்த நாளில் விழுகிறது என்பது. ஆறு நாளில் கடினமான பயிற்சி மூன்று. அதில் இரண்டு அடுத்தடுத்த நாளில். மூன்றாவதான ரேஸ் முடிந்த மறுநாளே மூன்றரை மணி நேர சைக்கிள். வேலையும் குடும்பமும் உள்ள ஒருவருக்கு வாரத்தில் இரண்டு கடினப் பயிற்சி போதும். நல்ல அடித்தளம் இருந்து, தூக்கமும் குறையாமல் இருந்தால் மூன்று. மற்றவை பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும்.

இப்படி மாற்றிப் பாருங்கள். திங்கள் ஓய்வு. செவ்வாய் உள்ளூர் டிராக், அப்படியே 480. புதன் 45 நிமிடம் லேசான மிதி, 135. வியாழன் நீச்சல், 360. ஆன்லைன் இன்டர்வலைப் பதிவிலிருந்து எடுத்து வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுங்கள்; கொஞ்சம் தணித்து 60 × 7 = 420. சனி 45 நிமிடம் நீரில் நிதானமாக, 180. ஞாயிறு லாங் ரைடு 1,050. மொத்தம் 2,625. கடினமான இரண்டு நாளுக்கும் நடுவே முழுசாக இரண்டு நாள் கிடைக்கிறது. மெய்நிகர் ரேஸ் மாதம் ஒருமுறை போதும். அந்த வாரம் வெள்ளிக்கிழமை இன்டர்வல் கிடையாது, ரேஸ்தான் இன்டர்வல்.

ஞாயிறு ரைடில் ஒரு மறைமுகக் கணக்கு உண்டு. பேசிக்கொண்டே போக வேண்டிய குரூப் ரைடு, கடைசி ஒரு மணி நேரம் யார் முந்துவது என்ற போட்டியாக மாறினால், 5 போட வேண்டிய இடத்தில் 7 விழும். 210 × 7 = 1,470. கூடுதலாக ஏறிய 420, வெள்ளிக்கிழமை இன்டர்வல் முழுவதற்கும் சமம். அட்டவணையில் இல்லாத இந்த மூன்றாவது கடினப் பயிற்சியைத்தான் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. குழுவில் மெதுவாகப் போகும் பிரிவுக்கு மாறிக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கடைசியாக, அட்டவணைக்கு ஒரே ஒருவர்தான் பொறுப்பாளி. உள்ளூர் கோச், ஆன்லைன் கோச், நீங்களே, யாராக இருந்தாலும் சரி. மற்றவரின் பயிற்சி எல்லாம் அந்தப் பொறுப்பாளி ஒதுக்கும் இடத்தில் உட்கார வேண்டும். இதை இரண்டு கோச்சிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விடுவதில்தான் மனக்கசப்பு ஆரம்பிக்கிறது.

கேள்வி: பயிற்சிச் செயலி என் வாரப் பளுவை நான் செய்ததைவிட மிக அதிகமாகக் காட்டுகிறது. செயலியில் கோளாறா?

பதில்: டிரெய்னரில் (சைக்கிளை வீட்டிலேயே நிறுத்தி மிதிக்க உதவும் கருவி) ஓட்டும்போது கையில் வாட்ச்சும் ஓடியிருக்கும். மெய்நிகர் செயலி ஒரு கோப்பை ஏற்றும், வாட்ச் இன்னொன்றை ஏற்றும். ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாகிவிடும். எந்தக் கருவியிலிருந்து எது ஏற வேண்டும் என்று ஒரே ஒரு பாதையை மட்டும் வையுங்கள்: டிரெய்னர் ரைடு செயலியிலிருந்து, வெளி ரைடும் ஓட்டமும் நீச்சலும் வாட்ச்சிலிருந்து. ஏற்கெனவே ஏறிய இரட்டைகளை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் ஆன்லைன் கோச் அந்தப் பொய்க் கணக்கைப் பார்த்து உங்களுக்கு ஓய்வு வாரம் கொடுத்துவிடுவார்.

கேள்வி: என் நீச்சல் வீடியோவைப் பார்த்த ஆன்லைன் கோச், கை வீச்சின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்கிறார். உள்ளூர் கோச்சோ, கையை நீட்டி இன்னும் வழுக்கிப் போகச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவருமே ஒரே குறையைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறார்களோ என்னவோ. கையை முன்னால் நீட்டி அதிக நேரம் காத்திருந்தால் உடம்பு வேகம் இழந்து நிற்கும். அடுத்த இழுப்பு அந்த வேகத்தை மறுபடியும் முதலிலிருந்து உண்டாக்க வேண்டும். வீடியோவில் இந்தத் தேக்கம் நன்றாகத் தெரியும், அதனால் 'எண்ணிக்கையைக் கூட்டு' என்கிறார் ஒருவர். அவசரமாகக் கையை இறக்கி, முழங்கை தாழ்ந்து, தண்ணீரைப் பின்னால் தள்ளாமல் கீழே அழுத்தினாலும் வேகம் போகும். குளக்கரையில் நிற்பவர் களைத்த கடைசி லேப்களில் இதைப் பார்த்திருப்பார், அதனால் 'நீட்டு' என்கிறார்.

எனவே இரண்டு கோச்சுக்கும் ஒரே வீடியோவை அனுப்புங்கள். எடுக்கும் முறை முக்கியம். ஒருவர் குளக்கரையில் உங்களோடு கூடவே நடந்து பக்கவாட்டில் எடுக்கட்டும். பிறகு நேர் எதிரே நின்று ஒன்று. முடிந்தால் நீருக்கடியில் பக்கவாட்டில் ஒன்று. இழுப்பில் முழங்கை இருக்கும் இடம் அதில்தான் தெரியும். பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு முறை, 1,000 மீட்டர் நீந்திக் களைத்த பிறகு ஒரு முறை எடுங்கள். களைத்தபோது எடுத்ததுதான் உங்கள் உண்மையான நீச்சல். படம் எடுக்கும் முன் குளத்தின் அனுமதியைக் கேளுங்கள். மற்றவர்கள் படத்தில் விழக்கூடாது.

பிறகு ஒரு மாற்றத்தை மட்டும் தேர்ந்தெடுத்து நான்கு வாரம் செய்யுங்கள். தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் இந்தச் சோதனை: 400 மீட்டர் முழு முயற்சியில் நீந்துங்கள்; ஐந்து முதல் பத்து நிமிடம் லேசாக நீந்தி ஆறுங்கள்; பிறகு 200 மீட்டர் முழு முயற்சி. 400க்கான நேரத்திலிருந்து 200க்கான நேரத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால், நீங்கள் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் 100 மீட்டருக்கு எவ்வளவு என்று வரும். 400க்கு 8 நிமிடம், 200க்கு 3 நிமிடம் 46 விநாடி என்றால், மிச்சம் 254 விநாடி. பாதி 127 விநாடி, அதாவது 100 மீட்டருக்கு 2:07. 200ஐச் சோம்பலாக நீந்தினால் விடை பொய்யாக நன்றாக வரும். அங்கேதான் பலர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

நான்கு வாரம் கழித்து இந்த எண் குறைந்திருந்தால் அந்த மாற்றம் உங்களுக்குப் பொருந்துகிறது. எண் அப்படியே இருந்தாலும், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பின் மூச்சிரைப்பு குறைந்திருந்தால் இன்னும் இரண்டு வாரம் தொடரலாம். இருவரும் கடைசிவரை ஒத்துப்போகாவிட்டால் எங்கள் ஓட்டு கரையில் நிற்பவருக்கே. அடுத்த லேப்பிலேயே திருத்த அவரால் முடியும். வீடியோவுக்கு வரும் பதில், தவறு பழக்கமான பிறகுதான் வந்து சேரும்.

கேள்வி: வீட்டு டிரெய்னரில் 20 நிமிட சோதனையில் 240 வாட் வருகிறது. வெளியே பெடல் பவர் மீட்டரில் (பெடலிலேயே வாட்டை அளக்கும் கருவி) 220 தாண்டுவதே கஷ்டம். மெய்நிகர் ரேஸில் பரிசு மேடை, ஞாயிறு ரைடில் கடைசி ஆள். எது நிஜம்?

பதில்: இரண்டும் வேறு வேறு தராசு. முதலில் தராசுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிரெய்னரில் பத்துப் பதினைந்து நிமிடம் மிதித்துச் சூடேற்றி, சுழல விட்டு அளவு சரிபார்க்கும் வசதி அதில் இருந்தால் செய்யுங்கள். பெடலையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒரே ரைடை டிரெய்னர் வழியாகச் செயலியிலும், பெடல் வழியாக வாட்ச்சிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். 150, 200, 240 வாட்டில் ஐந்தைந்து நிமிடம். வித்தியாசம் எல்லா அளவிலும் ஒரே மாதிரி இருந்தால் அது கருவிக் கணக்கு. அதைக் குறித்துக்கொண்டு மேலே போகலாம்.

பின்சக்கரத்தை உருளையில் அழுத்தி வைக்கும் வகை டிரெய்னர் என்றால், டயர் காற்றும் அழுத்தும் திருகும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். டயர் சூடேறினாலும் அளவு நகரும். பெடல் இடது பக்கம் மட்டும் அளப்பதாக இருந்தால், அது இடது காலின் வாட்டை இரண்டால் பெருக்கிக் காட்டுகிறது. உங்கள் கால்கள் 48-க்கு 52 என்று பங்கிட்டு 240 வாட் மிதித்தால், இடது தருவது சுமார் 115; மீட்டர் காட்டுவது 230. பத்து வாட் அங்கேயே மறைந்துவிட்டது.

கருவி சரி என்று தெரிந்த பிறகும் வித்தியாசம் இருந்தால் சாலையைக் கவனியுங்கள். வளைவு, இறக்கம், சிக்னல் எல்லாவற்றிலும் மிதிக்காமல் விடுகிறீர்கள்; சராசரி வாட் விழும். காற்றின் எதிர்ப்பைக் குறைக்க ஏரோ நிலையில் குனிந்திருக்கும்போது இடுப்பு மடங்குவதால், பழகாதவருக்கு வாட் குறையும். போட்டியில் அந்த நிலையில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால், டிரெய்னரிலும் அதே நிலையில் சோதனை செய்யுங்கள். உள்ளே ஓர் எண், வெளியே ஓர் எண் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு, 20 நிமிட சராசரியில் 95 சதவீதத்தை அந்தந்த இடத்தில் நீங்கள் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்டின் வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உள்ளே 228.

மெய்நிகர் மேடையில் எடையும் பேசுகிறது. 225 வாட் மிதிக்கும் 75 கிலோ ஆள் கிலோவுக்கு 3.0 வாட். அதே ஆள் செயலியில் போன வருடத்து எடையான 70 கிலோவை மாற்றாமல் வைத்திருந்தால் 3.2. ஏற்றத்தில் இது பெரிய சலுகை. வேண்டுமென்றே செய்வதாகச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை எடை பார்த்துத் திருத்திவிடுங்கள்.

ஞாயிறு ரைடில் பின்தங்குவதற்கு வாட் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். முன்சக்கரத்துக்கு ஓரடி முன்னால் இன்னொரு சக்கரம் இருக்கும்போது பயமில்லாமல் ஓட்டுவது, வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வளைவில் விடுவது, ஓட்டிக்கொண்டே தண்ணீர் குடிப்பது, இதெல்லாம் டிரெய்னரில் வராது. ஒவ்வொரு வளைவிலும் மூன்று மீட்டர் விட்டுவிட்டு, அதைப் பிடிக்க 350 வாட் மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் காலியாகிவிடுவார். இதற்கு மருந்து உள்ளூர் கிளப்பிடம்தான் இருக்கிறது. கூட்டம் இல்லாத திடலில் எட்டு வடிவத்தில் ஓட்டிப் பழகுவதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: உள்ளூர் குரூப் ரைடில் ஏரோ பாரில் (குனிந்து ஓட்ட முன்னால் நீட்டியிருக்கும் கைப்பிடி) கை வைக்கக்கூடாது என்கிறார்கள். போட்டிக்கு அதில்தானே பழக வேண்டும்?

பதில்: ஏரோ பாரில் கை இருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. முன்னால் ஒருவர் தடுமாறினால் நீங்கள் நிற்பதற்குள் பின்னால் நான்கு பேர் விழுவார்கள். தனியாக ஓட்டும்போதும் டிரெய்னரிலும் பழகுங்கள். குரூப் ரைடில் காதில் இயர்போனும் கூடாது.

கேள்வி: மெய்நிகர் ரேஸில் கூட்டத்துக்குள் ஒளிந்து ஓட்டிக் கடைசியில் பாய்வது என் பலம். போட்டியிலும் இது உதவுமா?

பதில்: உதவாது, தண்டனைதான் வாங்கித்தரும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரையத்லான் முதன்முதலாக இடம்பெற்றபோதே முன்னணி வீரர்களுக்கு டிராஃப்டிங் (முன்னால் போகிறவரை ஒட்டிப் பின்னால் ஓட்டிக் காற்றைத் தவிர்ப்பது) அனுமதி இருந்தது. நீங்கள் தொலைக்காட்சியில் பார்ப்பது அது. வயதுப் பிரிவுப் போட்டிகள் பெரும்பாலும் டிராஃப்டிங் இல்லாதவை. நீண்ட தூரப் போட்டிகளில் வழக்கமான இடைவெளி 12 மீட்டர், முன்சக்கரத்தின் முனையிலிருந்து முன்சக்கரத்தின் முனைவரை. உள்ளே நுழைந்தால் 25 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். குறுந்தூரப் போட்டிகளில் அளவு மாறும், விதிப்புத்தகத்தைப் பாருங்கள். போட்டிக்கு எட்டு வாரம் இருக்கும்போது மெய்நிகர் ரேஸில் டிராஃப்டிங் இல்லாத தனிநேரப் பிரிவுக்கு மாறிவிடுங்கள். கூட்டத்தில் வாட் ஏறி ஏறி இறங்கும். தனியாக ஒரே அளவில் 40 கிலோமீட்டர் மிதிப்பது வேறு வித்தை. இறங்கி ஓடும் கால் அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

கேள்வி: ஆன்லைன் கிளப்பில் பழக்கமான நான்கு பேர் நேரில் சந்தித்து ஏரியில் நீந்தத் திட்டமிடுகிறோம். கிளப் காப்பீடு பொருந்துமா?

பதில்: பொருந்தாது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கிளப் காப்பீடு இருந்தால்கூட, அது சாதாரணமாக கிளப் அறிவித்து, தகுதி பெற்றவர் நடத்தும் பயிற்சிக்கு மட்டுமே. உறுப்பினர் நான்கு பேர் பேசிவைத்துச் சந்திப்பது அதில் வராது. இரண்டு கிளப்பிடமும் எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்தப் பயிற்சிக்குப் பாதுகாப்பு? திறந்தநீர் சேர்ந்ததா? எனக்கு நேரும் காயத்துக்கா, என்னால் இன்னொருவருக்கு நேர்வதற்கா? ஒருநாள் விருந்தினராக வருபவருக்கும் உண்டா?

நீரைப் பொறுத்தவரை, திரையில் பழகியவரின் நீச்சல் உங்களுக்குத் தெரியாது. குளத்தில் 100 மீட்டர் வேகம் சொல்பவர், அடி தெரியாத நீரில் தலைதூக்கிப் பார்க்கத் தெரிந்தவரா என்று கேளுங்கள். முதல் சந்திப்பில் கரையை ஒட்டியே, கால் எட்டும் ஆழத்துக்கு அருகில் நீந்துங்கள். எல்லோருக்கும் பளிச்சென்ற தொப்பி, இடுப்பில் கட்டும் மிதவை. இரண்டிரண்டு பேராக ஜோடி. வேகமானவர் மெதுவானவரின் வேகத்துக்கு. கரையில் நீந்தாத ஒருவர், கையில் போனும் எல்லோருடைய அவசரத் தொடர்பு எண்ணும். எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணுவது அவர் வேலை. அந்த ஒருவர் கிடைக்காவிட்டால் அன்று நீச்சல் வேண்டாம், சேர்ந்து ஓடிவிட்டு வாருங்கள். உள்ளூர் கிளப்பின் திறந்தநீர்ப் பயிற்சிக்கு விருந்தினராக அவர்களை அழைத்துப்போவது இன்னும் நல்லது.

கேள்வி: தினமும் ஒரே பாதையில் அதிகாலையில் தனியாக ஓடுகிறேன். ஆன்லைன் கிளப்பில் எல்லாவற்றையும் பதிவேற்றச் சொல்கிறார்கள். பெண் என்பதால் தயக்கம்.

பதில்: தயக்கம் நியாயமானது. 2018 ஜனவரியில், ஓட்டத்தையும் சைக்கிளையும் பதிவு செய்யும் செயலியான ஸ்ட்ராவாவின் உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டத் தடங்களே தெரிந்தது செய்தியானது. ஒரு தனிநபரின் வீட்டுவாசல் தெரிவதற்குச் சொல்லவே வேண்டாம். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைக்கும் அமைப்பை இயக்குங்கள். அல்லது வரைபடத்தையே முழுதாக மறைத்துவிடுங்கள். கோச்சுக்கு வேண்டியது நேரம், தூரம், இதயத்துடிப்பு மட்டும்தான். பதிவைக் கிளப்பின் பொதுப் பட்டியலுக்குப் பதில் கோச்சுக்கு மட்டும் பகிரலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே இருப்பிடம் காட்டும் வசதி வீட்டில் ஒருவருக்கு மட்டும் போகட்டும். பதிவேற்றத்தை மாலைக்குத் தள்ளுங்கள். யாரும் கேட்டால், அமைப்பு அப்படித்தான் என்று சொன்னால் போதும்; காரணம் விளக்கத் தேவையில்லை.

கேள்வி: இரண்டு சந்தா கட்டுபடியாகவில்லை. எதை விடுவது?

பதில்: ஆண்டுச் சந்தாவை, கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் உண்மையில் போன பயிற்சிகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, அதால் வகுங்கள். போக நினைத்தவற்றைச் சேர்க்காதீர்கள். பல ஆன்லைன் சந்தாக்களை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கலாம்: வெளியில் ஓட்ட வசதியான மாதங்களில் நிறுத்திவிட்டு, டிரெய்னரே கதி என்ற மாதங்களில் திறங்கள். திறந்தநீருக்கு இன்னும் பயப்படுபவர் என்றால் உள்ளூர் கிளப்பை எந்தக் கணக்கிலும் விடாதீர்கள்.

கேள்வி: போட்டிப் பதிவில் எந்தக் கிளப் பெயரைக் கொடுப்பது? கிளப் தோழியும் நானும் கைகோத்துக்கொண்டு முடிக்க ஆசை.

பதில்: ஒன்றுக்கு மேற்பட்ட கிளப்பில் இருப்பது பொதுவாகத் தடையில்லை. ஆனால் கிளப் புள்ளிகளும் ரிலே அணியும் ஒரு பெயருக்கே சேரும். சீசன் தொடங்கும் முன்பே முடிவு செய்து இரண்டு பக்கமும் தெரிவித்துவிடுங்கள். ரிலே அணி அமைக்கும் உள்ளூர் கிளப்புக்கு உங்கள் பெயர் அதிகம் பயன்படும் என்பது எங்கள் எண்ணம். டிரைசூட் (மூன்று பகுதிக்கும் சேர்த்து அணியும் ஒரே உடை) யாருடையதாகவும் இருக்கலாம், போட்டி விதி இடம் கொடுத்தால்.

கைகோத்து முடிப்பதில் கவனம். வேண்டுமென்றே சமமாக முடிப்பதை உலக ட்ரையத்லான் விதி ஏற்பதில்லை. 2019 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் சோதனைப் போட்டியில் பிரிட்டன் வீராங்கனைகள் ஜெசிகா லியர்மந்தும் ஜார்ஜியா டெய்லர்-பிரவுனும் முன்னணியில் கைகோத்துக் கோட்டைத் தாண்டினார்கள். இருவருமே தகுதி நீக்கம். நீங்களும் கோட்டில் ஒருவர் ஓரடி முன்னால் போய்விடுங்கள். கையை அந்தப் பக்கம் போய்ப் பிடித்துக்கொள்ளலாம்.